பட்டாளத்துப் பதிவில் இருந்த மகள்

சுப்பராயன் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சந்திரம்மாள் களைத்துப் போயிருந்தாள். பத்தொன்பது வருடம் புருஷன் இல்லாமல் வீட்டை நடத்தியபோது வராத களைப்பு அது. அப்போதெல்லாம் அவளுக்கு வேலை மட்டும்தான் இருந்தது. ஒரு ஏக்கர் சொச்சம் நிலம், இரண்டு மாடு, மாமனார் மாமியாரைக் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்டது, மகள் தென்றலைப் படிக்க வைத்தது. இப்போது அந்த வேலைகளோடு, வேலை இல்லாத ஒரு மனிதனையும் கவனிக்க வேண்டியிருந்தது.

1991 மார்ச் கடைசியில் அவன் வடக்குப்பட்டுக்கு வந்து இறங்கினான். தலையில் கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் நம்பரும். வயது முப்பத்தேழு. நாயக் என்ற பதவியோடு ஓய்வு. விடிகாலை நாலரைக்கு எழுந்து போர்வையை நாலு மூலையும் சேர மடித்து வைப்பான். சவரம் செய்து, ஷூ மாட்டி, ஐந்து மணிக்குத் தயாராகிவிடுவான். அதற்குமேல் போவதற்கு ஒரு இடம் இருக்காது. வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பான். சந்திரம்மாள் சாணி அள்ளிக்கொண்டு அவனைச் சுற்றிப் போவாள்.

பட்டாளத்தில் அவன் எலக்ட்ரீஷியன். ஜெனரேட்டர் எந்த உயரத்தில், எந்தக் குளிரில் மக்கர் பண்ணினாலும் ஓட வைத்துவிடுவான். ஓய்வுக்கு முன்னால் வெளியுலக வேலைக்கென்று மூன்று மாதப் பயிற்சி கொடுப்பார்கள். மோட்டார் வைண்டிங் கேட்டு எழுதிக் கொடுத்தான். அதில் இடம் நிரம்பிவிட்டது என்று கோழி வளர்ப்பில் போட்டுவிட்டார்கள். கோழிப் பண்ணை வைக்கத் தகுதி பெற்றவர் என்று முத்திரை குத்திய சான்றிதழை அவன் அவளுக்குப் படித்துக் காட்டினான். அவளிடம் அப்போது ஆறு கோழி இருந்தது. அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான்.

ஏப்ரல், மே முழுக்க ஸ்ரீபெரும்புதூர் ரோட்டிலும் ஒரகடம் பக்கமும் இருந்த கம்பெனிகளுக்கு ஏறி இறங்கினான். ஒரு கம்பெனியில் பர்சனல் ஆபீசர் அவனுடைய பட்டாளத்து எலக்ட்ரீஷியன் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐடிஐ சர்ட்டிபிகேட் இருக்கா?"

"அதுக்குச் சமம்னு இதுல எழுதிகீது சார். பத்தொம்பது வருசம் இதே வேலைதான்."

"மிலிட்டரிக்கு அது சமம். எங்களுக்கு ஐடிஐ பேப்பர் வேணும். செக்யூரிட்டின்னா சொல்லுங்க, எக்ஸ் சர்வீஸ்மேனைக் கண்ணை மூடிக்கினு எடுப்போம்."

மூன்று இடத்தில் இதே பேச்சு. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு எல்லாக் கம்பெனி கேட்டிலும் காவலுக்கு ஆள் கூட்டினார்கள். ஜூன் ஒன்றாம் தேதி ஒரு காண்ட்ராக்டர் மூலமாக சுப்பராயன் காக்கி மாட்டிக்கொண்டு கேட்டில் நின்றான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தோளில் பட்டை எதுவும் இல்லாத காக்கி. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிச் சுருட்டி மூலையில் போட்டான். அதுவரை அவன் எந்தத் துணியையும் மடிக்காமல் போட்டு சந்திரம்மாள் பார்த்ததில்லை.

அந்த மாதம்தான் தென்றலுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. ஐந்நூறுக்கு நானூற்றுப் பதினொன்று. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்க வேண்டும் என்று அவள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னையில் இருந்த அரசு மகளிர் பாலிடெக்னிக்கில் அந்த மார்க்குக்குப் பொதுப் பட்டியலில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு என்று பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ் கிரேசி டீச்சர் விண்ணப்பத்தில் விரல் வைத்துக் காட்டினாள்.

"உங்க வீட்டுக்காரர் நாட்டுக்கு உழைச்சதுக்கு இதுவாவது வரட்டும். படைவீரர் ஆபீஸ்ல போய், இவ அவரோட மகள்தான்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. இருபத்தெட்டாம் தேதி கடைசி."

சுப்பராயனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜூன் பதினாலாம் தேதி சந்திரம்மாளே மஞ்சள் பையில் காகிதங்களை எடுத்துக்கொண்டு, வாலாஜாபாத்தில் பஸ் மாறி, காஞ்சிபுரம் போனாள்.

படைவீரர் ஆபீஸில் டெனிசன் என்று ஒரு கிளார்க் இருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். அவரும் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து வந்தவர்தான். பெஞ்சில் காத்திருந்த நாலைந்து பேருக்குப் பிறகு இவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். விண்ணப்பத்தைப் படித்தார். சுப்பராயனின் டிஸ்சார்ஜ் புத்தகத்தை விரித்துக் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். குடும்ப விவரம் இருந்த பக்கத்தில் நின்றார்.

"மொவளுக்கு வேற பேரும் உண்டுமா, அம்மா?"

"இல்லீங்களே. தென்றல்தான்."

"இதுல ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கு. பச்சையம்மாள். பிறந்தது பதினொண்ணு எட்டு எழுவத்திமூணு." அவர் நிமிர்ந்தார். "இது மூத்ததா? இது என்ன படிக்கு?"

அந்தப் பெயரை இன்னொருவர் வாயிலிருந்து அவள் கேட்டுப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. மாமியார்கூடச் சொன்னதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் தலைகீழாகத் தெரிந்த அந்தப் பக்கத்தை அவள் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்து. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தேதி தெரிந்தது.

"அது இல்லீங்க," என்றாள். "அஞ்சு மாசத்துல தவறிப்போச்சி."

டெனிசன் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். பட்டாளத்தில் ஒருவனுக்குக் குழந்தை பிறந்தாலும் இறந்தாலும் அவன் தன் கம்பெனி கிளார்க்கிடம் சொல்ல வேண்டும். அவர் அதை ஆர்டரில் ஏற்றுவார். அது பெங்களூர் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய்ப் பதிவாகும். முதல் குழந்தை பிறந்தது பதிவாகியிருக்கிறது. இறந்தது பதிவாகவில்லை. இரண்டாவது பிறந்ததும் பதிவாகவில்லை.

"பட்டாளத்துக் கணக்குல மூத்தவ உயிரோட இருக்கா. இந்தப் பிள்ளை பிறக்கவே இல்ல. இத வச்சுகிட்டு நான் சர்ட்டிபிகேட் கொடுக்க முடியாதும்மா. மூத்ததுக்கு மரணச் சான்று, இதுக்குப் பிறப்புச் சான்று, ரெண்டையும் கொண்டு வாங்க. லெட்டர் நானே அடிச்சுத் தாரேன். பெங்களூர்ல இருந்து திருத்தி வர மூணு மாசம், நாலு மாசம் ஆவும்."

"இருவத்தெட்டாம் தேதி கடைசி நாளுங்க."

"தெரியும்," என்றார் டெனிசன்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மரத்தடியில் டைப் மெஷின் வைத்திருந்த ஒரு ஆள், மனு எழுத வேண்டுமா என்று கேட்டான். அவள் எதற்கென்று தெரியாமலே அவன் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். கால் வலித்தது. அவன் விசாரிக்க விசாரிக்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதுக்கு ஏம்மா பெங்களூர் வரைக்கும் போற," என்றான் அவன். "ரெண்டு பேரும் ஒரே பொண்ணுன்னு ஒரு அபிடவிட் போட்டா முடிஞ்சிபோச்சி. வூட்ல ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல ஒரு பேரு. ஊர்ல எத்தினி பேருக்குக் கீது. வூட்டுக்காரு கையெழுத்து போட்டா போதும்."

"அது செத்துப்போன கொழந்தங்க."

"செத்துப்போனது வந்து கேக்கவா போவுது?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரிந்தது. டைப் அடி என்று தலையாட்டினாள். 'பச்சையம்மாள் என்கிற தென்றல் என்பவர் என்னுடைய ஒரே மகள் என்றும், மேற்படி இரு பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும் என்றும்' என்று அவன் சத்தமாகப் படித்துக்கொண்டே அடித்தான். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சையம்மாள் பிறந்தபோது சுப்பராயன் வடக்கே ஏதோ பனிமலையில் இருந்தான். அவன் அந்தக் குழந்தையைப் பார்த்ததே இல்லை. காணும் பொங்கலுக்கு மறுநாள் அது பேதியில் போய்விட்டது. தந்தி கொடுத்தார்கள். பதில் வரவில்லை. மாதா மாதம் மணியார்டர் மட்டும் வந்தது. அடுத்த ஆவணியில் லீவில் வந்தவன், குழந்தை எப்படிப் போயிற்று, எங்கே புதைத்தீர்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூரை மாற்றினான், கிணற்றில் தூர் வாரினான், திரும்பிப் போய்விட்டான். அடுத்த வருடம் தென்றல் பிறந்தாள். கல்நெஞ்சுக்காரன் என்று சந்திரம்மாள் அன்று முடிவு கட்டியதுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை. கடிதத்தில் எழுதியதும் இல்லை. அந்த நினைப்போடுதான் ஒவ்வொரு லீவிலும் அவனுக்குச் சோறு போட்டாள்.

அந்த வாரம் சுப்பராயனுக்கு ராத்திரி ஷிப்ட். மறுநாள் காலை ஏழு மணிக்கு சைக்கிளில் வந்தான். கண் சிவந்திருந்தது. படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். சந்திரம்மாள் டீ டம்ளரை வைத்து, பக்கத்தில் காகிதத்தையும் வைத்தாள்.

"இன்னா இது?"

"படிச்சிப் பாருங்க."

அவன் படித்தான். ஒரு பக்கம்தான், ஆனால் நேரம் எடுத்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"எங்க போடணும்?"

"ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

"கேக்கறதுக்கு இன்னா கீது. புள்ளைக்கு சீட்டு கெடைக்கணும். போட்டுடறேன்."

"பச்சை செத்துட்டதை நீங்க அங்க சொல்லவே இல்லியா?"

பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. மூடியைத் திரும்ப மாட்டினான். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"தந்தி வரச்சொல்லவே ரொம்ப நாளு ஆயிட்சி," என்றான். "மேல போஸ்ட்ல இருந்தோம். பனி கொட்டினா வழி அடைஞ்சிடும். எல்லாத் தபாலும் சேத்துக் கட்டி ஒண்ணா வரும். பொறந்த சேதி வந்தப்ப அப்பிடித்தான் வந்திச்சி. அன்னிக்கு எல்லாருக்கும் பாயசம் காய்ச்சி ஊத்தினேன். கிளார்க்கு அன்னிக்கே ஆர்டர்ல ஏத்திட்டாரு. அப்பாலேர்ந்து பாக்கறவன்லாம் பொண்ணு எப்பிடி கீதுன்னு கேப்பான். நல்லா கீதுன்னுவேன்."

"தந்தி வந்தப்பறம்?"

"படிச்சி பையில வெச்சிக்கினு ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போயிட்டேன். அங்க ஒருத்தன் கேட்டான், பொண்ணு எப்பிடி கீதுன்னு. நல்லா கீதுன்னு வாயில வந்துட்சி. மறுநாளு மாத்திச் சொல்ல முடியல. அப்பால எப்பவுமே முடியல."

"தென்றல் பொறந்தாளே."

"அவளை எழுதினா, மூத்தது கீதா, எங்க படிக்குதுன்னு கேப்பாங்க. அதனால எழுதல. பொண்ணு பள்ளிக்கூடம் போவுதா சுப்பராயான்னு கேப்பான், போவுதுன்னுவேன். ரெண்டு பேரையும் ஒண்ணா வெச்சே சொல்லிக்கினு வந்துட்டேன். இப்ப இந்த ஆளு அடிச்சிகீறானே, அதேதான்."

சந்திரம்மாள் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்குக் கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. உடம்பு முழுக்க அசதியாக இருந்தது.

"லீவுல வந்தீங்களே. எங்க பொதைச்சீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ கூட்டிக்கினு போயி காட்டுவே," என்றான் சுப்பராயன்.

மாடு கட்டுத்தறியில் கத்தியது. யாரும் எழுந்து போகவில்லை. அவன் மறுபடியும் பேனாவை எடுத்தான். சந்திரம்மாள் குனிந்து காகிதத்தை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"இதுல கையெழுத்து வாணாம்."

"புள்ள படிப்பு?"

"தேதி ஒத்து வராது. பள்ளிக்கூடத்துல எழுவத்தஞ்சு, இதுல எழுவத்திமூணு. எவனாவது பாத்து, பாதியில நிறுத்தினா இன்னா பண்ணுவீங்க."

அவள் சொன்ன காரணம் அது. இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"மாமாவுக்குக் கை நடுங்கிச்சி. பொம்பளைங்க வரக்கூடாதுன்னாங்க. நான்தான் தூக்கிக்கினு போயி ஏரிக்கரையில வெச்சேன். அது இல்லன்னு என்னால எழுத முடியாது. அது சாவலன்னும் எழுத முடியாது."

அடுப்பங்கரையில் இருந்த தென்றல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு ஒரு அக்கா இருந்தது அவளுக்கு அன்றுதான் தெரியும். வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"அப்போ எனக்கு சீட்டு?"

"இந்த வருசம் கெடைக்காது," என்றாள் சந்திரம்மாள்.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போனவளுக்காக வூட்ல குந்திக்கினு இருக்கணுமா, நைனா?"

சுப்பராயன் தலையைக் குனிந்துகொண்டான். மகள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்று சந்திரம்மாளுக்குத் தோன்றியது. தென்றல் இருவரோடும் பதினோரு நாள் பேசவில்லை. தோழிகளில் இரண்டு பேர் விண்ணப்பம் கொடுக்கப் போனபோது அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். சந்திரம்மாள் பொதுப் பட்டியலில் போட்டுப் பார்த்த விண்ணப்பத்துக்கு ஜூலையில் பதில் வந்தது. இடம் இல்லை.

தென்றலின் பிறப்புச் சான்று கிடைத்துவிட்டது, மரணச் சான்று வாங்குவது எளிதாக இல்லை. அந்தக் காலத்தில் பிறப்பு இறப்பு எழுதியவர் கிராம முன்சீப். அந்தப் பதவியே போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவருடைய பதிவேடுகளெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசின் ஒரு அறையில் மூட்டையாகக் கிடந்தன. குண்டு வெடித்த வைகாசி முதல் அந்த ஊரே போலீசும் ஜீப்பும் அதிகாரிகளுமாக இருந்ததால், பழைய மூட்டையைப் பிரிக்க யாருக்கும் நேரம் இல்லை. முதல் தடவை போனபோது மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை சாவி வைத்திருந்தவர் வரவில்லை. மூன்றாம் தடவை வந்திருந்தார், ஆனால் எழுபத்துநாலாம் வருடப் புத்தகம் கிடைக்கவில்லை. அந்தச் சாவு எழுதப்பட்டதா என்பதே அவளுக்குத் தெரியாது. ஐந்து மாதக் குழந்தைக்கு யார் போய் எழுதியிருப்பார்கள். எழுதவில்லையென்றால் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டும் என்றார்கள்.

நான்காவது தடவை போகிறபோது சுப்பராயன், "நானும் வரேன்," என்றான். ராத்திரி ஷிப்ட் முடித்து, தூங்காமல், அந்தக் காக்கியோடேயே பஸ் ஏறினான். அவன் ஜன்னல் கம்பியில் தலை வைத்துத் தூங்கினான்.

சாவிக்காரர் அன்று இருந்தார். தசரதன் என்று பெயர். சுப்பராயனின் உடையைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். பட்டாளம் என்று தெரிந்ததும், தானே முட்டி போட்டு உட்கார்ந்து மூட்டைகளைத் தேட ஆரம்பித்தார். பதினோரு மணிக்குப் புத்தகம் கிடைத்தது. கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. பக்கத்தைப் புரட்டி, விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"வடக்குப்பட்டு. எழுவத்துநாலு ஜனவரி பதினேழு. பச்சையம்மாள், தகப்பன் பேரு சுப்பராயன், வயசு அஞ்சு மாசம், பேதி. சொன்னவர் முனுசாமி."

முனுசாமி என்பது சந்திரம்மாளின் மாமனார். புதைத்த அன்றோ மறுநாளோ, நடுங்கிய கையோடு, யாரிடமும் சொல்லாமல் முன்சீப் வீட்டுக்கு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர் செத்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

சுப்பராயன் புத்தகத்தின் மேல் குனிந்தான். தமிழில் சாய்வாக எழுதிய அந்த ஒரு வரியைப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"பதினேழா?" என்று கேட்டான்.

"இன்னாங்க?"

"தந்தியில தேதி போடல. கொழந்தை தவறியதுன்னு மட்டும்தான் இருந்திச்சி. பிப்ரவரின்னே நெனச்சிக்கினு இருந்தேன்." அந்தத் தேதியின் மேல் விரல் வைத்தான். "அந்தப் பொங்கலுக்கு, பதினேழாம் தேதிதான் நாங்க கீழ எறங்கி வந்து வாலிபால் ஆடினோம்."

தசரதன் வேறு பக்கம் பார்த்தார். நகல் எழுதிக் கையெழுத்து வாங்க மூன்று மணி ஆகும் என்று சொல்லி அவர்களை வெளியே உட்காரச் சொன்னார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் சுப்பராயன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தூங்குகிறானா அழுகிறானா என்று சந்திரம்மாளுக்குத் தெரியவில்லை. போலீஸ்காரர் ஒருவர் அந்த வழியாகப் போனபோது, அவர் இவனை எழுப்பிவிடப் போகிறாரே என்று, "நைட் ஷிப்ட்டுங்க," என்று அவளாகவே சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஊர் முனையில் இறங்கியதும் அவன் நடக்காமல் நின்றான்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

அவள் அவனை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கருவேல மரம் மண்டியிருந்தது. சுமாராக அந்த இடம் என்று கை காட்டினாள். அவன் ஷூவைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இருவரும் வீட்டுக்குப் போனார்கள். மாடு பால் கறக்கும் நேரம் தாண்டிவிட்டிருந்தது.

டெனிசன் சொன்னபடியே இங்கிலீஷில் லெட்டரை அவரே அடித்துக் கொடுத்தார். அப்போது சுப்பராயனிடம், ஐடிஐ பரீட்சையை வெளியிலிருந்தே தனியாக எழுதலாம், இத்தனை வருடம் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி இருந்தால் போதும் என்றும் சொன்னார்.

"இந்த வயசுலயா?" என்றான் சுப்பராயன்.

"கேட்டுல நிக்கதுக்கு மட்டும் வயசு சரியா இருக்கா?" என்றார் டெனிசன்.

வீட்டுக்கு வந்தபோது சுப்பராயனின் பையில் விண்ணப்பத் தாள் இருந்தது.

பெங்களூரிலிருந்து நவம்பர் பதினெட்டாம் தேதி பதில் வந்தது. பழுப்பு உறையில் ஒரே ஒரு தாள். சுப்பராயன் அதைத் தமிழில் சொன்னான். மகள் பச்சையம்மாள் இன்ன தேதியில் மரணம். மகள் தென்றல் இன்ன தேதியில் பிறப்பு. இரண்டும் பதிவு செய்யப்பட்டன. அவ்வளவுதான் இருந்தது. தென்றல் தாளை வாங்கித் தன் பெயர் இங்கிலீஷில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்தாள். மேலே இருந்த பெயரையும் பார்த்தாள்.

"அவளுக்கும் எனக்கும் ரெண்டு வருசம்தானா வித்தியாசம்?" என்று கேட்டாள்.

"ஒரு வருசம் பத்து மாசம்," என்றாள் சந்திரம்மாள்.

அந்த ஒரு வருடத்தைத் தென்றல் படப்பையில் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்க் கழித்தாள். அவளோடு படித்தவர்கள் சிலர் பிளஸ் ஒன், சிலர் பாலிடெக்னிக் என்று போய்விட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அம்மா மேல் கோபம் முழுதாகத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. சில நாள் நன்றாகப் பேசுவாள். சில நாள் எதற்கோ சட்டென்று, "நீ வேணும்னா பட்டாளத்துக்கு எழுதிக் கேளு," என்பாள். சந்திரம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செய்தது சரிதானா என்று அவளுக்கும் சில நாள் சந்தேகம் வந்தது. அந்த மரத்தடி ஆள் அடித்துக் கொடுத்த காகிதத்தை அவள் என்றோ அடுப்பில் வைத்துவிட்டிருந்தாள்.

தொண்ணூற்றிரண்டு ஜூலையில் தென்றலுக்குப் படைவீரர் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. எலக்ட்ரானிக்ஸ் இல்லை. அதில் ஒரே இடம், வேறு ஒரு பெண்ணுக்குப் போய்விட்டது. எலக்ட்ரிகல் கிடைத்தது. அவள் முகம் சுருங்கியது. சுப்பராயன், "அதுவும் நல்லதுதான், சந்தேகம் இருந்தா என்னைக் கேளு," என்றான். அவள் சேர்க்கைக் கடிதத்தை மடித்து வைத்தாள். ஆனால் பிறகு கேட்டாள். அவன் ஐடிஐ பரீட்சைக்காக வைத்திருந்த புத்தகமும் அவளுடைய முதல் வருடப் பாடமும் சில இடங்களில் ஒன்றாக இருந்தன. இவன் கையால் செய்து பழகியதற்குப் புத்தகத்தில் என்ன பெயர் என்று அவள் சொல்வாள். அவள் படித்தது எப்படி இருக்கும் என்று இவன் பழைய ஸ்விட்சைப் பிரித்துக் காட்டுவான். செய்முறையில் அவன் முதல் தடவையே தேறினான். எழுத்துப் பரீட்சையில் ஒரு தடவை தவறி, தொண்ணூற்று மூன்றில் தேறினான். கேட்டில் நின்ற அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் ஹெல்ப்பராக எடுத்தார்கள். எலக்ட்ரீஷியன் என்று அல்ல, ஹெல்ப்பர். தன்னைவிடப் பதினைந்து வயது குறைந்த சூப்பர்வைசருக்குக் கீழே. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவன் குரலில் சந்தோஷம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

"ஷிப்ட் எட்டு மணி நேரம்தான்," என்றான்.

"அது போதும்," என்றாள் அவள்.

தொண்ணூற்றிரண்டில், தென்றல் பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் நாள், ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க சந்திரம்மாள் அவளோடு ரோடுவரை வந்தாள். சுப்பராயன் அப்போது கேட்டில் காலை ஷிப்ட்டுக்குப் போய்விட்டிருந்தான். பஸ்ஸில் கூட்டம். தென்றல் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தாள்.

"சாயங்காலம் லேட்டாவும்மா. காத்துக்கினு நிக்காத."

பஸ் போயிற்று. சந்திரம்மாள் வீட்டுக்கு வந்தாள். மாட்டைப் பிடித்துக் கட்டி, கறந்து, பாலை டிப்போவில் ஊற்றிவிட்டு, பாத்திரம் கழுவினாள். வயலுக்குப் போக வேண்டும் என்று நினைத்தாள். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று கூடத்தில் உட்கார்ந்தாள். பிறகு தலைக்குக் கையை வைத்துப் படுத்தாள். கல்யாணமாகி வந்த நாள்முதல் அந்த வீட்டில் அவள் பகலில் தூங்கியதில்லை. அன்று தூங்கினாள்.